செங்கோடன் என்று எவரும் இல்லை

வாசற்கூடத்தில் இருந்தவர்கள்:
ராமாத்தாள், மாப்பிள்ளையின் அத்தை.
நாச்சிமுத்து, திருமணத்தை நடத்தி வைத்த அருமைக்காரர்.
குழந்தைவேல், பதிவு அதிகாரி.
பூங்கோதை, மணப்பெண்.
தமயந்தி, இருப்புக் காப்பாளர்.
கதவுக்கு வெளியே, முற்றத்தில்: செங்கோடன், மாப்பிள்ளை.

இந்தக் கணக்கை எடுத்தது கோபுரம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஆளாளாகப் பார்த்து வாசற்சுவரில் வெள்ளை எழுத்தில் எழுதிக்கொண்டே இருப்பது அதன் வழக்கம். கடைசிப் பெயருக்கு நேர் கீழே, அதே சுவரில், அதே கோபுரம் சிவப்பு எழுத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தது: ‘செங்கோடன் என்று எவரும் இல்லை. கதவு திறக்காது.’

தமயந்தி இரண்டையும் மாறி மாறிப் படித்தாள். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுத் தூங்கப் போக வேண்டியவள். முகூர்த்த நாள், ஆள் போதவில்லை என்று சொல்லிப் பகலுக்கும் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் உண்டு. தூக்கக் கலக்கத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்தவள் அவள்தான்.

காங்கேயத்துக்குத் தெற்கே அந்த நிழற்கோபுரம் எழும்பி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. வெளியே அடிக்கிற வெயிலில் மனிதன் ஒரு பொழுது தாங்குவான், அதற்கு மேல் தாங்கமாட்டான். உள்ளே நாற்பது மாடி, முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். எவரை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது ‘இருப்பு’. ஜாவா என்ற பழங்காலக் கணினி மொழியில் எழுதிய ஒரு பெரிய மேப் அது, அதாவது கேட்ட ஆளின் விவரத்தை உடனே எடுத்துக் கொடுக்கிற பேரேடு. எழுதியவர்கள் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. அதைத் திருத்த எவருக்கும் துணிச்சல் இல்லை. ஒவ்வொரு ஆளும் அதற்குள் ஒரு ரெக்கார்டு: பெயர், பிறந்த நாள், பிறந்த மாடி, உறவுப் பட்டியல். அவ்வளவுதான் மனிதன். தமயந்தி பொறியியல் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். மனிதன் என்றால் அதற்கு மேலும் ஏதோ உண்டு என்று இதுவரை அவளுக்கு எவரும் நிரூபித்துக் காட்டியதில்லை.

கல்யாணம் ஆனால் உறவுப் பட்டியல் மாறும். அதற்கு ஒரு முறை இருந்தது. ஆளை இருப்பிலிருந்து எடுக்க வேண்டும், பட்டியலை மாற்ற வேண்டும், மறுபடி வைக்க வேண்டும். ஒன்றரை நிமிட வேலை. அந்த ஒன்றரை நிமிடமும் அந்த ஆள் இருப்பில் இருக்கமாட்டார். மற்ற குடும்பங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரத்தில் எடுத்து, மாற்றி, வைத்துக்கொண்டார்கள். ராமாத்தாள் அப்படி விடுகிற ஆள் இல்லை. தாலி கழுத்தில் ஏறும் நொடியிலேயே பதிவும் விழ வேண்டும் என்றாள். குழந்தைவேல் சரி என்றார். அந்த நொடியில் பையனை எடுக்கவும் கூடாது என்றாள்.

“தாலி ஏறுற நேரத்துல மாப்பிள்ளை இருப்புலயே இல்லீன்னா, அப்பத் தாலி கட்டுனது ஆருங்க?”

நாச்சிமுத்து மஞ்சள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். “நாயமான கேள்விதானுங்க.”

“ஒன்றர நிமிசந்தானுங்கம்மா,” என்றாள் தமயந்தி.

“ஒன்றர நிமிசம் எங்கண்ணம் பையன் இல்லாமப் போவோணுமா? அதும் மணவறைல உக்காந்துக்கிட்டு? நீ உன்ற கல்யாணத்துக்கு எடுத்து வெச்சுக்க, அம்மிணி.”

மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். குழந்தைவேல் வேறு பக்கம் பார்த்தார். தமயந்தி ஆளை எடுக்காமலே பட்டியலைத் திறந்து, ‘மனைவி: பூங்கோதை’ என்று எழுதிச் சேர்த்தாள். பூங்கோதையின் பட்டியலிலும் அதேபோல் ‘கணவன்: செங்கோடன்’ என்று சேர்த்தாள். பழைய ஆட்கள் ரெக்கார்டை எவரும் மாற்ற முடியாதபடி கெட்டியாகப் பூட்டியிருந்தார்கள். உள்ளே கிடந்த பட்டியலைப் பூட்டத்தான் மறந்துபோனார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்துபோட்ட மாதிரி. கெட்டிமேளம் கொட்டியது. ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் பந்திக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அருந்ததி பார்க்கிற சடங்கு. உள்ளே வானம் கிடையாது. ஆகவே முற்றத்துக்குப் போய், கொதிக்கிற பகல் வானத்தை அண்ணாந்து பார்த்து, நட்சத்திரம் தெரிகிறது என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். கதவு ஒரு தடவைக்கு ஓர் ஆளைத்தான் விடும். செங்கோடன் குடையைப் பிடித்துக்கொண்டு முதலில் போனான். பூங்கோதை இடது காலை எடுத்து வைக்கப் பார்த்தாள் என்று ராமாத்தாள் அவளைப் பிடித்து நிறுத்தினாள். வெளியே தனியாக நின்ற செங்கோடன், நட்சத்திரம் தெரிகிறது என்று எவரிடமும் சொல்ல முடியாமல் திரும்பி வந்து கதவில் கை வைத்தான். அப்போதுதான் சுவரில் சிவப்பு எழுத்து விழுந்தது.

“என்னங்க இது?” என்றது கதவோரத்து ஒலிபெருக்கி, செங்கோடன் குரலில். “நான் இல்லீங்குது?”

எவரும் பதில் சொல்வதற்குள் முற்றத்தில் இன்னொரு குரல் கேட்டது. பதிவில்லாதவர்களை முகாமுக்குக் கொண்டுபோகிற வண்டி. ஓட்டுநர் இல்லாத வண்டி. கதவு எவரை மறுக்கிறதோ அவர் பக்கத்தில் வந்து நின்றுவிடும். “ஐயா, வணக்கம்,” என்றது. “உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. மோர் இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள்.”

“சார்,” என்றாள் தமயந்தி, “அவரு அதுல ஏறுனா?”

“ஏறுனாக் கையெழுத்துப் போட்ட மாதிரிதான்,” என்றார் குழந்தைவேல். “முகாம்ல இருந்து மனுப் போட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள ஒரு வருசம் ஓடிரும். முத்தத்துல நெழல் இருக்கற வரைக்கும் அது கெஞ்சும். நெழல் போச்சுன்னா அதுவே தூக்கி ஏத்திக்கும்.”

ராமாத்தாள் கதவின் மீது இரண்டு கையாலும் அறைந்தாள். “சாமீ! மருமவனே! அந்த மோரத் தொட்டுறாதடா!”

“நான் தொடலீங்கத்த. ஆனா வெயிலு மண்டையப் பொளக்குதுங்க.”

பூங்கோதை மாலையைக்கூடக் கழற்றாமல் தமயந்தி பக்கத்தில் வந்தாள். பதினாலாம் மாடியில் பிறந்த பெண். அவள் சத்தம் போட்டு எவரும் கேட்டதில்லை. “அக்கா, செவுத்துல அவரு பேர எழுதியிருக்குது. கதவு இல்லைங்குது. ரெண்டும் ஒரே ஆளு சொல்றதுதான?”

தமயந்திக்கு இரண்டு வழி இருந்தது. எந்திரக் கோளாறு என்று சொல்லலாம், அல்லது உண்மையைச் சொல்லலாம். எந்திரக் கோளாறு என்றால் அதையும் அவள்தான் விளக்க வேண்டும். உண்மைதான் வேலை குறைவு.

“மண்டப வாசல்ல செருப்பு விடறோமல்ல,” என்றாள். “அங்க ஒருத்தன் நிக்கறான். உங்க பேரு, பொறந்த நாளு, மாடி, ஒறவு எல்லாத்தயும் கேட்டு, மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டு, ஒரு தட்டுல செருப்ப வெக்கறான்னு நெனச்சுக்கங்க. டோக்கன் கெடையாது. திரும்பி வந்தா அதே கேள்வியக் கேட்டு, அதே கணக்கப் போட்டு, நேரா அந்தத் தட்டுக்குத்தான் போவான். மத்ததத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான். அதனாலதான் சட்டுனு எடுத்துக் குடுக்கறான். இப்ப நடுவுல ஒறவு ஒண்ணு கூடிருச்சு. கணக்கு மாறிருச்சு. வேற தட்டுல போய்ப் பாக்கறான். காலியாக் கெடக்குது. உங்க செருப்பு இல்லீங்கன்னு சொல்லிர்றான். செருப்பு பழைய தட்டுல பத்திரமா இருக்குது.”

“அப்ப எங்கண்ணம் பையன் செருப்புங்கற,” என்றாள் ராமாத்தாள்.

“செவுரு எப்படிச் சொல்லுது?” என்றாள் பூங்கோதை.

“செவுரு ஆரையும் தேடறதில்ல. ஒவ்வொரு தட்டாப் பாத்துக்கிட்டே போய் என்னென்ன இருக்குதுன்னு சொல்லுது. கதவுதான் தேடுது.”

“எடுத்து மாத்தி வெச்சிருந்தா?”

“புதுக் கணக்குக்குப் புதுத் தட்டுல உக்காந்திருப்பாரு.”

இதைச் சொன்னபோது தமயந்தி ராமாத்தாளைப் பார்க்கவில்லை. ராமாத்தாளும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேல் படித்தவர், அனுபவஸ்தர். கையைத் தட்டினார். “இதுக்கு எதுக்கு இத்தன பேச்சு? புதுசா ஒரு செங்கோடனப் போடு. கதவு தொறந்துரும்.”

“தொறக்கும் சார். பழைய செங்கோடன் பழைய தட்டுலயே இருப்பாரு. கணக்கெடுக்கறப்ப எல்லாம் ரெண்டு பேரு வருவாங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தவங்க, ரெண்டு பேருக்கும் ஒரே சம்சாரம்.”

எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள்.

“என்ன எதுக்குப் பாக்கறீங்க?” என்றாள் அவள். “ஒருத்தரயே இன்னும் உள்ள கொண்டுவர முடியல.”

“ரெட்டப் பதிவு குத்தமுங்க,” என்று நாச்சிமுத்து நினைவூட்டினார். குழந்தைவேல் கையைக் கீழே போட்டார்.

மிச்சம் இருந்த நேர்வழி ஒன்றுதான். இருப்பில் உள்ள முப்பதாயிரம் பேரையும் ஒருவர் விடாமல் நடந்து பார்ப்பது. பெயரை வைத்துத் தேடி லாபமில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் பழைய பெயர் வைக்கிற மோகம் வந்து, கோபுரத்தில் மூன்று பையனுக்கு ஒருவன் செங்கோடன். தமயந்தி ஓர் அச்சு எழுதினாள். பழைய மொழியில் அதற்கு வசதி இருந்தது. பெயர் எதுவாக இருந்தாலும் சரி, நாள் எதுவாக இருந்தாலும் சரி, மாடி எதுவாக இருந்தாலும் சரி. உறவுப் பட்டியலில் மட்டும் ‘மனைவி, பதினாலாம் மாடிப் பூங்கோதை’ என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு ரெக்கார்டையும் பிரித்துப் போட்டு அந்த அச்சில் வைத்துப் பார்க்கும். பொருந்தினால் அவன்தான் ஆள். பழைய தட்டிலிருந்து எடுத்துப் புதுத் தட்டில் வைத்துவிடலாம்.

இதில் இரண்டு சங்கடம். இந்தத் தேடல் நடை ஓடிக்கொண்டிருக்கும்போது இருப்பில் எவரையாவது வைத்தாலோ எடுத்தாலோ, அது கோபித்துக்கொண்டு நின்றுவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொன்று, பிரிக்கிற ஆளின் விவரமெல்லாம் திரையில் வரும், அவருடைய போனுக்கும் தகவல் போகும். சட்டம் அப்படி.

தமயந்தி பொத்தானை அழுத்தினாள். திரையில் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள்: பெயர், நாள், மாடி, உறவு. பெயர், நாள், மாடி, உறவு. ராமாத்தாள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“நீங்க அதப் படிக்கக் கூடாதுங்கம்மா.”

“நானெங்க படிக்கறேன். கண்ணு போவுது.” சற்று நேரம் கண் போனது. “அடடே. நாலாம் மாடிச் சென்னியப்பனுக்கு இன்னொரு வீடு இருக்குதா? இந்த மூஞ்சிக்கா?”

நாச்சிமுத்துவின் சட்டைப்பையில் போன் முனகியது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரைக்கும் ராமாத்தாளுக்கும் நடுவே வந்து நின்றார். அதற்குள் அவள் படித்துவிட்டாள்.

“நாச்சிமுத்தண்ணா, அருமைக்காரருன்னா கட்டுனவகூட வாழ்ந்துக்கிட்டு இருக்கோணும். உங்க பட்டியல்ல அண்ணியக் காணமே?”

நாச்சிமுத்து தோள் துண்டைச் சரிசெய்தார். “அவ பேர எடுத்துக்கிட்டுப் போயிட்டா, ஆத்தா. கோயமுத்தூருக் கோபுரத்துக்கு.”

“சொல்லவே இல்ல?”

“சொன்னா எவன் கல்யாணத்துக்குக் கூப்புடுவான்?”

அப்போது நடை நின்றுவிட்டது. ‘இருப்பு மாறிவிட்டது’ என்றது திரை. தமயந்தி பார்த்தாள். வடக்கு வாசலில் பல்லடத்துக் கோபுரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். முப்பத்தொன்றாம் மாடியில் கல்யாணம். விருந்தாளிகளை ஒவ்வொருவராக இருப்பில் வைத்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் பெரிய கூட்டம் வெளியே நின்றது.

“அவிங்கள நிறுத்தச் சொல்லு,” என்றாள் ராமாத்தாள்.

“வெயில்ல நிக்கறாங்கம்மா. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு.”

“போனக் குடு.”

முப்பத்தொன்றாம் மாடியில் எடுத்தது பெண்ணின் அம்மா. பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, நான் மூணாம் மாடி ராமாத்தா பேசறனுங்க. உங்க சம்பந்தி வீட்டுக்காரங்கள சித்த நேரம் வெளியவே நிக்கச் சொல்லோணுமுங்க… ஆமாங்க, வெயிலுதானுங்க… முகூர்த்தம் போனாப் போவுதுங்க, அதா பெருசு? மனுசன் உள்ள வரோணுமல்ல!”

தமயந்தி தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து அம்மாள் நிறையச் சொன்னாள் போலிருக்கிறது. ராமாத்தாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தணித்தாள்.

“உங்க வீட்டுக்காரரு பட்டியல இப்பத்தானுங்க பாத்தேன். சும்மா கண்ணு போச்சு. அதுல இருக்கறத இப்பச் சொல்லட்டுங்களா, பந்தி முடிஞ்சு சொல்லட்டுங்களா?”

வடக்கு வாசல் நின்றது.

“என்ன பாத்தீங்க?” என்று குழந்தைவேல் ஆவலை அடக்க முடியாமல் கேட்டார்.

“ஒண்ணும் பாக்கல. முப்பத்தொண்ணாம் மாடிக்காரங்க ஆரும் இன்னும் வரவே இல்லியே. ஆனா எந்த வீட்டுக்காரரு பட்டியல்லதான் ஒண்ணும் இருக்காது?”

இரண்டாவது நடை நன்றாகவே போனது. வெளியே வண்டி செங்கோடனுக்கு மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருப்பதாகத் தெரிவித்தது. நடை பாதியைத் தாண்டியபோது மறுபடி நின்றது. பத்தொன்பதாம் மாடியில் ஒரு குழந்தை பிறந்துவிட்டது. பெயர்: இன்னும் இல்லை. மாடி: பத்தொன்பது. உறவு: ஒரே ஓர் ஆள்.

ராமாத்தாள் போனைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, திட்டுவதற்கு எவரும் கிடைக்காமல் கீழே வைத்தாள். “நல்ல சகுனந்தான்,” என்றாள் கசப்பாக.

“நெழலு கொறையுதுங்க!” என்றது ஒலிபெருக்கி. செங்கோடன் இப்போது சுவரோடு ஒட்டி நின்றான். குடை சூட்டில் வளைந்திருந்தது. பூங்கோதை ஒலிபெருக்கியிடம் போய் நின்றாள். தாலி கட்டியதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னாலும் பெரிதாகப் பேசியிருக்கவில்லை. எல்லாம் இரண்டு வீட்டாரும் பேசி முடித்தது.

“கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா? திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. இந்தத் தடவ ஆரும் குறுக்க வரமாட்டாங்க.”

“எவ்வளவு நேரம்?”

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். தமயந்தி விரல்களை விரித்துக் காட்டினாள்.

“பத்து நிமிசம்கூட இருக்காதுங்க.”

“நீ வந்து நின்னு பாரு, தெரியும்.”

“வர்றேன்,” என்றாள் பூங்கோதை. “வரட்டுங்களா? குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வர்றேன். வெளிய போறதுக்குக் கதவு ஆரயும் கேக்காது.”

“வந்து? நீயும் இங்க நின்னா எனக்கு வெயிலு கொறைஞ்சுருமா?”

அது தப்பான பேச்சு இல்லை. கணக்குப்படி சரிதான். பூங்கோதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது, தலையை ஆட்டினாள்.

மூன்றாவது நடை ஓடியது. கோபுரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். வடக்கு வாசலில் பல்லடத்து மாப்பிள்ளை தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். பத்தொன்பதாம் மாடியில் குழந்தைக்குப் பெயரைப் பதிய வேண்டாம் என்று தடுத்துவைத்திருந்தார்கள். சாகக் கிடந்த ஒரு கிழவரை இன்னும் சிறிது நேரம் இருக்கும்படி அவர் மகன்கள் கேட்டுக்கொண்டதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அவர் ஒத்துக்கொண்டாராம். தமயந்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிரிக்கிறது, அச்சில் வைக்கிறது, பொருந்தவில்லை, அடுத்தது. பிரிக்கிறது, வைக்கிறது, பொருந்தவில்லை, அடுத்தது. கல்லூரியில் இருந்தபோது இதைச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் அவள் தூங்கிவிட்டாள். இப்போது தூக்கம் வரவில்லை.

அப்போது குழந்தைவேலுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் முகம் முதலில் சிவக்கும்.

“தமயந்தி, செருப்புக் கணக்கு மாறுனது சம்சாரம் கூடுனதாலதான? பட்டியல்ல இருந்து சம்சாரத்த எடுத்துட்டா?”

பதில் அவளுக்கும் முதலிலேயே தெரியும்.

“பழைய கணக்கு வந்துருமில்ல? பழைய தட்டுக்கே போவுமில்ல? ஆளு அங்கதான இருக்கான்!”

“வரும் சார்,” என்றாள். “ஆனா கல்யாணம் ஆகாதவரா வருவாரு. இன்னும் கொஞ்ச நேரந்தான். பாதிக்கு மேல தாண்டிருச்சு.”

“காலைல நீ பதிஞ்ச கல்யாண மேசைல அந்தப் பட்டியலு இன்னும் தொறந்துதான கெடக்குது? ஒரு வரி அழிச்சாப் போதும்.”

“சம்மதம் வேணும் சார். அவரு சொல்லோணும்.”

குழந்தைவேல் ஒலிபெருக்கியில் குனிந்தார். “தம்பி செங்கோடா, உங்க பட்டியல்ல இருந்து கல்யாணத்த அழிச்சா இப்பவே கதவு…”

“அழிங்க.”

“கேளுப்பா முழுசா. பதிவுப்படி நீ…”

“அழிங்கங்க! மொதல்ல அழிங்க! என்ற ஒரு காலு வண்டிப் படில இருக்குதுங்க!”

“அழிங்க சார்,” என்றாள் ராமாத்தாளும். “சாயங்காலம் இன்னொரு முகூர்த்தம் இருக்குது. அப்ப எடுத்து, மாத்தி, எப்படி வேணும்னாலும் வெச்சுக்கங்க. நான் வாயே தொறக்கமாட்டேன்.”

நாச்சிமுத்து ஏதோ சொல்ல வந்து, தன் பட்டியலை நினைத்தோ என்னவோ, விட்டுவிட்டார். பூங்கோதையை எவரும் கேட்கவில்லை. விதி அப்படி: அவரவர் பட்டியலுக்கு அவரவர் சம்மதம் போதும். குழந்தைவேல் மேசைக்குப் போய் ஒரு வரியை அழித்தார். அது ஒரு நொடி வேலை. உள்ளே ஒரு பட்டியலில் ஒரு வரிதான் குறைந்தது, எவரையும் எடுக்கவும் இல்லை வைக்கவும் இல்லை. ஆகவே நடைகூட நிற்கவில்லை. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. “வாருங்கள் செங்கோடன்,” என்றது, காலையில் எதுவுமே நடக்காத மாதிரி.

அவன் தடுமாறிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தான். முகம் வெந்திருந்தது. ராமாத்தாள் அவன் தலையில் தண்ணீரை ஊற்றி, நெற்றி வழித்து, திருஷ்டி கழித்து, வண்டியை அதன் தாயோடு சேர்த்துத் திட்டினாள். நாச்சிமுத்து விசிறினார். குழந்தைவேல் சுவரைப் பார்த்துச் சிரித்தார். சிவப்பு எழுத்து போய்விட்டது. செங்கோடன் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, அதன் பிறகு நிமிர்ந்து பூங்கோதையைப் பார்த்தான்.

“பயந்துட்டியா?” என்றான்.

“இல்லீங்க.”

தமயந்தி அவளைத் தனியாக அழைத்தாள். “இதச் சொல்லிரோணும், அம்மிணி. உன்ற பட்டியல்லயும் காலைல அப்படித்தான் நேரா எழுதுனேன். அவரு பேரு அங்க இன்னும் இருக்குது. நீ இப்ப வெளிய போனா உன்னயும் கதவு விடாது.”

பூங்கோதை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். “அவரு பட்டியல்ல நான் இல்ல. என்ற பட்டியல்ல அவரு இருக்காரு.”

“ஆமா.”

“பாதிக் கல்யாணம் ஆயிருக்குது.”

“அப்படியும் சொல்லலாம்.”

பின்னால் திரை மெல்ல ஒலித்தது. மூன்றாவது நடை முடிந்துவிட்டது. முப்பதாயிரம் பேரையும் பிரித்து அச்சில் வைத்துப் பார்த்து, ஒரு தட்டு விடாமல் முடித்திருந்தது. அந்த ஓர் ஆளைக் கடந்துதான் அதுவும் வந்திருக்கும். செங்கோடனின் தலைமுடியில் ஊற்றிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வடக்கு வாசலில் கூட்டத்தை மறுபடி விட ஆரம்பித்தார்கள். தூரத்தில் ஒரு சிறு ஆரவாரம் கேட்டது.

பூங்கோதை குனிந்து முடிவைப் படித்தாள். தமயந்தியும் படித்தாள்.

‘மனைவி, பதினாலாம் மாடிப் பூங்கோதை: பொருந்தியவர் எவரும் இல்லை.’

“அவ்வளவு நேரந்தான் பாக்கி இருந்துச்சாக்கா?” என்றாள் பூங்கோதை.

தமயந்தி பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். சோம்பலாக இருந்தது. “அவ்வளவு நேரந்தான்.”

“என்றதுலயும் அழிச்சுருங்க.”

“சாயங்காலம் திரும்ப எழுதறதுதானே, இருக்கட்டும் விடு,” என்றார் குழந்தைவேல்.

“என்ற பட்டியலு. என்ற சம்மதம் போதுமல்லங்க?”

போதும்தான். தமயந்தி அழித்தாள். சுவரில் ஒன்றும் மாறவில்லை. இருந்தவர்களின் பெயர்கள் வெள்ளை எழுத்தில் அப்படியே இருந்தன, ஆறு பேரும் இப்போது உள்ளே.

ராமாத்தாளுக்கு ஏதோ உறுத்தியது. எழுந்து வந்தாள். “அம்மிணி, அவன் வெயிலு தாங்காமச் சொன்னது. மனசுல வெச்சுக்காத. சாயங்காலம் மொறையா எடுத்து மாத்தி வெச்சுரலாம்.”

“எடுங்கத்த,” என்றாள் பூங்கோதை. “மாத்தறதப் பொறவு பாக்கலாம்.”

“எங்க போற?”

“சேல கசகசன்னு இருக்குதுங்க.”

அவள் மாலையைக் கழற்றி நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். வாசற்கூடத்தின் ஓரத்தில் மணப்பெண் உடை மாற்றுகிற அறை இருந்தது. செங்கோடன் எழுந்து இரண்டு அடி பின்னால் வந்தான்.

“பூங்கோதை, சித்த நில்லு. நான் என்ன சொல்றேன்னா…”

அவள் நின்றாள். திரும்பி அவன் சொல்வதற்காகக் காத்திருந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். அவனுக்கு இன்னும் தண்ணீர் தவித்தது. சொம்பு எங்கே என்று கண் தேடியது. அவள் உள்ளே போனாள். அது கோபுரத்தைக் கேட்டுத் திறக்கிற கதவு இல்லை, சாதாரண மரக்கதவு. அவள் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாளை முழுசாகத் தள்ளிவிடுகிற சத்தம் கேட்டது.